தடம் என்னும் ஒரு சொல், இரண்டு பரம்பரைகள்: செய்தி வரிசை மென்பொருளின் வரலாற்றிலிருந்து

செய்தி வரிசை மென்பொருள் பற்றிய பாடநூல் எதைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் ஒரே வாக்குறுதி காணப்படும்: அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நிரல் செய்தியை வரிசையில் இட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். மறுமுனை நிரல் நாளை எழுந்து அதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் கம்பி அறுந்தாலும் கணினி நின்றாலும் செய்தி காக்கப்படும். இந்த வாக்குறுதி பொய்யன்று. ஆனால் அது எந்த எல்லைக்குள் மெய் என்ற கேள்வியை நம் வகுப்பறைகள் அரிதாகவே எழுப்புகின்றன. அந்த எல்லைக்கோடு மென்பொருளின் ஒரு சிறிய உறுப்பின் வழியே செல்கிறது: கிளையண்ட் எனப்படும் வாங்கிக்கும் சர்வர் எனப்படும் வழங்கிக்கும் இடையிலுள்ள இணைப்புத் தடம். இப்பதிவு அந்த உறுப்பின் வரலாற்றைப் பற்றியது. சற்று நீளமானது. கணினி வரலாறும் தொழில்நுட்பச் சமூகவியலும் பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது ஐ.பி.எம். நிறுவனத்தின் எம்.கியூ. இங்கிலாந்தின் ஹர்ஸ்லி ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டு, 1993இல் எம்.கியூ.சீரிஸ் என்ற பெயரில் அறிமுகமாகி, 2002இல் வெப்ஸ்பியர் எம்.கியூ. என்றும், 2014இல் ஐ.பி.எம். எம்.கியூ. என்றும் பெயர் மாறியது. வங்கி, காப்பீடு, விமானப் போக்குவரத்து, அரசு நிர்வாகம் ஆகியவற்றின் பின்னறைகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓசையின்றி இயங்கிவருவது. இதற்கு முன்னோட்டமாக 1992இல் ஐ.பி.எம். 'நெட்வொர்க்கிங் புளூபிரிண்ட்' என்ற வரைவை வெளியிட்டது. நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு மூன்று வழிகள் உண்டு என்று அவ்வரைவு வகைப்படுத்தியது. முதலாவது உரையாடல், இரு நிரல்களும் தொலைபேசியில் பேசுவதுபோல மாறிமாறிப் பேசுவது. இரண்டாவது தொலைச் செயல்முறை அழைப்பு. ஒரு நிரல் வேறொரு கணினியிலுள்ள செயல்முறையைத் தன் கணினியில் இருப்பதைப் போலவே அழைத்து விடைக்காகக் காத்திருப்பது. மூன்றாவது செய்தி வரிசை. மூன்றும் வெவ்வேறு வழிகள் என்பதே அவ்வரைவின் கருத்து. அவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் சில ஆண்டுகளுக்குள் ஒரே மென்பொருளுக்குள் கலந்தன. கலந்த இடத்திற்குத் தனிப்பெயர் இடப்படவில்லை. இரண்டும் 'சேனல்' என்றே அழைக்கப்பட்டன. எனது வாதம் இந்தப் பெயர்மயக்கத்தைப் பற்றியது.

'சேனல்' என்ற சொல் ஐ.பி.எம். நிறுவனத்தாருக்குப் பழகிய சொல். 1957இல் அறிவிக்கப்பட்ட 709 கணினியிலிருந்தே, மையச் செயலகத்திற்கும் நாடா, அச்சுப்பொறி முதலிய புறக்கருவிகளுக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் தனி வன்பொருளை அவர்கள் சேனல் என்றே வழங்கினர். தமிழில் இதை வாய்க்கால் என்று பெயர்க்கலாம். செய்தி வரிசையைப் பொறுத்தவரை அந்தப் பெயர்ப்பு பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. வாய்க்காலில் நீர் ஒரு திசையில்தான் ஓடும், மேட்டிலிருந்து பள்ளத்திற்கு. எம்.கியூ. மென்பொருளின் இருவகைத் தடங்களில் ஒன்று அப்படிப்பட்டது. மற்றது அப்படிப்பட்டதன்று. ஆகவே பொதுப்பெயராகத் 'தடம்' என்பதையே இங்குக் கையாள்கிறேன்.

முதல்வகை செய்தித் தடம். வரிசைகளைக் காத்து நிர்வகிக்கும் நிரலுக்கு வரிசை மேலாளர் என்று பெயர். பெயரில்தான் ஆள், உண்மையில் அது ஒரு மென்பொருள். சென்னையில் ஒரு வரிசை மேலாளர், மும்பையில் மற்றொன்று என வைத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள நிரல் மும்பை வரிசைக்கு ஒரு செய்தி இட்டால், அது முதலில் சென்னையிலேயே அனுப்புகை வரிசை ஒன்றில் வட்டில் எழுதிவைக்கப்படும். நிரலின் கடமை அங்கு முடிந்தது. பிறகு சென்னைப் பக்கத்து முகவர் நிரல் அவ்வரிசையிலிருந்து செய்திகளைக் கட்டுக்கட்டாக எடுத்துத் தடத்தின் வழியே அனுப்பும். ஒரு கட்டின் இயல்பான அளவு ஐம்பது செய்திகள். மும்பைப் பக்கத்து முகவர் அவற்றைத் தன் வரிசைகளில் இட்டு, கட்டின் வரிசையெண்ணையும் சேர்த்து உறுதிசெய்த பின்பே ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வந்தபின்தான் சென்னைப் பிரதி நீக்கப்படும்.

நடுவில் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? சென்னை முகவருக்கு ஐயம் எழும்: மும்பை பெற்றதா, இல்லையா? இந்நிலைக்கு 'ஐயநிலை' என்றே மென்பொருளில் பெயர் உண்டு. தடம் மீண்டும் உயிர்பெறும்போது இரு முகவர்களும் தத்தம் ஏடுகளில் பதிந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஐயத்தைத் தாமே தீர்த்துக்கொள்ளும். இரு பக்கத்திலும் ஏடு உண்டு, இரு பக்கத்திலும் நினைவு உண்டு என்பதே இதன் வலிமை. நிலைத்த செய்தி என்று குறிக்கப்பட்ட எதுவும் இத்தடத்தில் தொலைவதுமில்லை, இரட்டிப்பதுமில்லை.

இதன் மூதாதை கணினியே அன்று, தந்தி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தந்தி நிலையங்களில் வந்த செய்தி துளையிட்ட காகித நாடாவாக வெளிவரும். பணியாளர் அதைக் கிழித்தெடுத்துச் செல்லவேண்டிய வழிக்குரிய இயந்திரத்தில் மாட்டுவார். வழி வேலையாக இருந்தால் நாடா காத்திருக்கும். அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியன் 1948 முதல் இயக்கிய 55-ஏ திட்டம் இம்முறையைப் பெருமளவில் இயந்திரமயமாக்கியது. இத்தகைய நிலையங்களில் ஒவ்வொரு வழித்தடத்திற்கும் தனித் தொடரெண் உண்டு. 116க்குப் பின் 118 வந்தால், 117 எங்கே என்று அனுப்பிய நிலையத்தைக் கேட்க வேண்டும். அது பணியாளரின் கடமை. எம்.கியூ. செய்தித் தடத்தின் வரிசையெண் ஒப்பீடு அந்தக் கடமையின் நேர்வழித்தோன்றல். வாங்கிவைத்து அனுப்புதல் என்ற ஒழுக்கம் காகிதத்திலிருந்து காந்த வட்டுக்குக் குடிபெயர்ந்தபோது எண்ணைச் சரிபார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது.

இரண்டாம் வகைத் தடத்திற்கு வருமுன் பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. செய்தித் தடங்களிலேயே 'சர்வர்' என்றொரு வகை உண்டு. அது 'ரிக்வெஸ்டர்' என்ற வகையோடு இணைந்து செயல்படுவது, இரண்டு வரிசை மேலாளர்களுக்கு இடையிலானது. நாம் பேசவிருப்பது 'சர்வர்-கனெக்‌ஷன்' என்ற வேறு வகை. பெயரிட்டவர்கள் பிற்கால மாணவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது தெளிவு. புதிதாக வருவோர் இவ்விடத்தில் தடுமாறாமல் இருப்பது அரிது.

வழங்கி-இணைப்புத் தடம் ஏன் தோன்றிற்று என்பதற்கு விடை தொழில்நுட்பத்தில் மட்டுமில்லை, கணக்கேட்டிலும் இருக்கிறது. செய்தித் தடத்தின் உறுதியைப் பெற வேண்டுமானால் ஒவ்வொரு கணினியிலும் ஒரு வரிசை மேலாளர் இருந்தாக வேண்டும். அதற்கு வட்டு வேண்டும், பதிவேடு வேண்டும், நிர்வகிக்க ஆள் வேண்டும், உரிமக் கட்டணமும் வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் அலுவலக மேசைகளில் இருந்தவை டாஸ், விண்டோஸ் 3.1, ஓ.எஸ்./2 ஆகியவற்றில் இயங்கிய சிறு கணினிகள். கிளைகளிலுள்ள ஆயிரக்கணக்கான மேசைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை மேலாளரை நிறுவுவதை எந்த நிறுவனத்தின் நிதிப்பிரிவும் ஏற்றிருக்காது. எனவே ஒரு சிக்கனம் கண்டறியப்பட்டது. மேசைக்கணினியில் வரிசையும் வேண்டாம், மேலாளரும் வேண்டாம். ஒரு மெல்லிய நூலகம் மட்டும் போதும். அந்த நூலகம், நிரல் எழுப்பும் அழைப்புகளைத் தொலைவிலுள்ள வரிசை மேலாளருக்குக் கடத்திவிடும். வாங்கி நூலகத்திற்குத் தனி விலையும் கேட்கப்படவில்லை.

அது செயல்படும் விதம் இது. வரிசை மேலாளர் இருக்கும் கணினியில் லிசனர் எனப்படும் காத்திருப்பு நிரல் ஒன்று, வழக்கமாகப் போர்ட் எண் 1414இல், அழைப்பை எதிர்பார்த்திருக்கும். வாங்கி அங்கு வந்து, தனக்கு வேண்டிய தடத்தின் பெயரைச் சொல்லும். வாங்கிப் பக்கத்து வரையறைக்கு வாங்கி-இணைப்பு என்றும் மறுபக்கத்து வரையறைக்கு வழங்கி-இணைப்பு என்றும் பெயர். இரண்டும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தால்தான் ஒன்றையொன்று அறியும். இருபது எழுத்துக்கு மிகாத அந்தப் பெயரே இரு பக்கத்தையும் கட்டும் முடிச்சு. பின்னர் இரண்டும் பேரம் பேசும்: ஒரு செய்தியின் உச்ச அளவு எவ்வளவு, எழுத்துக் குறியீட்டு முறை எது, எத்தனை நொடிக்கு ஒருமுறை உயிரோடிருப்பதைத் தெரிவிப்பது. பேரம் முடிந்ததும் வழங்கிப் பக்கத்தில் அந்த வாங்கிக்காக ஒரு பதிலாள் நியமிக்கப்படும். இணை, திற, இடு, எடு, மூடு, பிரி என்று வாங்கி நிரல் எழுப்பும் ஒவ்வோர் அழைப்பும் பொதியப்பட்டுத் தடத்தில் செல்லும். பதிலாள் அதைப் பிரித்து, வரிசை மேலாளரிடம் அந்த அழைப்பைத் தானே நிகழ்த்தி, விளைவைப் பொதிந்து திருப்பி அனுப்பும். அதுவரை வாங்கி காத்திருக்கும்.

இங்குச் சற்று நிற்க வேண்டும். இத்தடத்தில் ஓடுவது செய்தியன்று, அழைப்பு. செய்தி அழைப்புக்குள் பயணியாக இருக்கிறது, அவ்வளவே. ஓட்டம் ஒருதிசையன்று, இருதிசை. இரு முனைகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அதாவது, எந்தக் கட்டாயத்திலிருந்து விடுதலை தருவதாகச் செய்தி வரிசை பிறந்ததோ, அதே கட்டாயம் வாங்கியின் வாசலில் திரும்பவும் வந்து அமர்ந்துவிட்டது. 1992 வரைவு தனித்தனியாகப் பிரித்துவைத்த இரண்டாவது வழி, மூன்றாவது வழியின் முன்வாசலாக அமைந்தது. இவ்வகைத் தடத்தின் பரம்பரை தந்தி நிலையத்திலிருந்து தொடங்குவதில்லை. ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் உருவாக்கி 1984இல் ஆய்வுக்கட்டுரையாக விளக்கிய தொலைச் செயல்முறை அழைப்பிலிருந்து தொடங்குகிறது. தொலைவை மறைத்து, அயல் கணினியைச் சொந்தக் கணினி போலத் தோன்றச் செய்வதே அம்முறையின் ஆசை. செய்தி வரிசையின் ஆசையோ அதற்கு மாறானது: தொலைவு உண்டு, தாமதம் உண்டு, உடைப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவற்றுக்கு ஏற்ப வாழ்வது.

இந்த வேறுபாடு வெறும் கோட்பாட்டுச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். பணப் பரிமாற்ற ஆணை ஒன்றை வாங்கி நிரல் இடுகிறது. அழைப்பு வழங்கியை அடைந்தது. செய்தி வரிசையில் இடப்பட்டது. 'இட்டாயிற்று' என்ற விடை திரும்பும் வழியில் கம்பி அறுந்தது. வாங்கிக்குக் கிடைப்பது 2009 என்ற எண், 'இணைப்பு முறிந்தது' என்று பொருள். அழைப்பு போகும் வழியிலேயே அறுந்திருந்தாலும் கிடைப்பது அதே 2009. முதல் நிலையில் மீண்டும் இட்டால் ஆணை இரண்டாகும். இரண்டாம் நிலையில் இடாமல் விட்டால் ஆணையே இல்லாமற்போகும். எந்த நிலை என்று அறிய வாங்கியிடம் ஏடு இல்லை. செய்தித் தடத்தில் இதே ஐயம் எழுந்தபோது இரு பக்க ஏடுகளும் பேசித் தீர்த்துக்கொண்டன. இங்கு ஒரு பக்கத்தில் நினைவே கிடையாது. சிக்கனம் நீக்கியது வட்டையும் உரிமக் கட்டணத்தையும் மட்டுமன்று. நினைவையும் சேர்த்தே நீக்கியது.

இந்த ஐயம் எவருக்கும் புதிதன்று. 1975இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் மூவரும் எழுதிய கட்டுரையில், நம்பகமற்ற வழியே செய்தி பரிமாறும் இருவர் ஒரு முடிவில் ஐயமற ஒன்றுபட இயலாது என்பது காட்டப்பட்டது. 1978இல் ஜிம் கிரே அதற்கு 'இரு தளபதிகள்' என்ற பெயரைச் சூட்டினார். ஆக, எம்.கியூ. வாங்கி வடிவமைக்கப்படுவதற்குப் பல்லாண்டு முன்பே துறையினர் இதை அறிந்திருந்தனர்.

செய்தியை எடுக்கும்போது நிலைமை இன்னும் கூர்மையானது. பரிவர்த்தனைக்கு வெளியே 'எடு' என்று வாங்கி கேட்டால், வழங்கி வரிசையிலிருந்து செய்தியை நீக்கித் தடத்தில் அனுப்பும். வழியில் முறிந்தால் அது வரிசையிலும் இல்லை, வாங்கியிடமும் இல்லை. இதற்கு மருந்து உண்டு. எடுத்தலையும் இடுதலையும் ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்து, இறுதியில் 'உறுதிசெய்' என்று தனியே கேட்பது. அதற்குமுன் இணைப்பு முறிந்தால் வழங்கி எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். செய்தி வரிசைக்கே மீளும். ஆனால் 'உறுதிசெய்' என்ற அழைப்புக்கான விடையே வழியில் தொலைந்தால்? ஐயம் மறையவில்லை, பல இடங்களில் பரவியிருந்தது ஓரிடத்தில் குவிந்தது. குவிந்த ஐயத்தைக் கையாள்வது எளிது என்பதால் இது நல்ல நெறிதான். எஞ்சியதை நிரலாளர் தாமே தீர்க்க வேண்டும்: ஒவ்வோர் ஆணைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பெறுபவர் புறக்கணிக்கும்படி எழுதுவது. காகித நாடாக் காலத்துப் பணியாளரின் எண் சரிபார்ப்பு, இவ்வாறு மென்பொருளின் அடித்தளத்திலிருந்து நிரலாளரின் தோளுக்கு மாறியது. இந்த மாற்றம் எங்கும் அறிவிக்கப்படவில்லை. 'செய்தி வரிசை செய்தியைத் தொலைக்காது' என்ற முதல் அத்தியாயத்து வாக்கியத்தை மட்டும் படித்தவருக்கு, தொலைந்த செய்திக்குத் தாமே பொறுப்பு என்று சொல்லப்படும்போது வியப்பாகத்தான் இருக்கும்.

2009இல் வெளிவந்த 7.0.1 பதிப்பு, முறிந்த இணைப்பை வாங்கி தானே மீண்டும் கட்டிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. தொலைவை மறைக்கும் ஆசை அதன் உச்சத்தை அடைந்த தருணம் அது. உடைப்பையே நிரலின் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம் என்ற எண்ணம். அந்த வசதியோடு 2549 என்ற புதிய எண்ணும் வந்தது. இடுதலோ உறுதிசெய்தலோ நடுவில் தடைப்பட்டது, மீண்டும் இணைந்த பின்னும் விளைவு என்னவென்று திட்டமாகக் கூற இயலாது என்பது அதன் பொருள். தொழில்நுட்ப ஆவணங்களில் இவ்வளவு நேர்மையான எண் எனக்கு அதிகம் தென்பட்டதில்லை. மறைப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும், இரு தளபதிகளின் சிக்கல் ஓர் எண்ணாக வெளியே தலைகாட்டியே தீர்ந்தது.

மறுபக்கத்திலிருந்தும் இதே கதையைப் பார்க்கலாம். வாங்கி திடீரென மறைந்தால் வழங்கிக்கு எப்படித் தெரியும்? டி.சி.பி. நெறிமுறையில் மௌனம் என்பது மரணத்திற்குச் சான்றன்று. பேச ஒன்றுமில்லாதவரும் இறந்தவரும் ஒரேபோலத்தான் தெரிவர். அதனால் 'இதயத்துடிப்பு' என்ற ஏற்பாடு வந்தது. அதன் இயல்பான இடைவெளி 300 நொடிகள். 7.0 பதிப்புக்கு முன்பு, வாங்கி 'எடு' என்று கேட்டுக் காத்திருக்கும் வேளையில் மட்டுமே வழங்கி துடிப்பை அனுப்பும். மற்ற வேளைகளில் மறைந்துபோன வாங்கியின் பதிலாள், எசமானர் இறந்தது தெரியாத ஏவலர்போல் வழங்கியில் நின்றுகொண்டிருக்கும். சில சமயம் உறுதிசெய்யப்படாத செய்திகளைக் கையில் பிடித்தபடி. 2008இல் வந்த 7.0 பதிப்பு இதை மாற்றியது. இரு திசையிலும் துடிப்பு, ஒரே டி.சி.பி. இணைப்பில் பல உரையாடல்கள் என்ற புதிய அமைப்பு அதனோடு வந்தது. ஒரு வழங்கி-இணைப்புத் தடத்தில் பகிரக்கூடிய உரையாடல்களின் இயல்பான எண்ணிக்கை 10. அந்த எண்ணை 0 என்று மாற்றினால் தடம் பழைய பதிப்புகளைப் போலவே நடந்துகொள்ளும். 1 என்றால் பகிர்வு இல்லை, ஆனால் புதிய நடத்தை உண்டு. ஒரே எண்ணுக்குள் இரண்டு காலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அகழாய்வில் மண்ணடுக்குகளைப் படிப்பதைப் போல இவற்றைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

இயல்பு மதிப்புகளை வரலாற்று ஆவணங்களாகக் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வாங்கிகள் இணையலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இடலாம். அதன் இயல்பு மதிப்பு 999999999. வரம்பு இட வசதி உண்டு. இடப்பட்ட வரம்பு இல்லை. வடிவமைத்தவர்கள் யாரை மனத்தில் கொண்டிருந்தனர் என்பதை இந்த ஒன்பது ஒன்பதுகள் எந்த நேர்காணலையும்விடத் தெளிவாகச் சொல்கின்றன. அவர்கள் மனத்தில் இருந்தது தவறு செய்யாத, தீங்கு எண்ணாத வாங்கி.

நம்பிக்கையைப் பற்றிய இந்தப் பகுதியே என் பார்வையில் மிக முக்கியமானது. வழங்கிப் பக்கத்துப் பதிலாள் வரிசையைத் திறக்கும்போது, யாருடைய பெயரால் திறக்கிறது? தடத்தின் வரையறையில் பயனர் பெயருக்கு ஓர் இடம் உண்டு. நிர்வாகி அதை நிரப்பலாம், காலியாகவும் விடலாம். இயல்பாக அது காலி. காலியாக இருந்தால், வாங்கி தன் கணினியில் எந்தப் பெயரில் உள்நுழைந்திருந்ததோ அந்தப் பெயரை அனுப்பும்; வழங்கி அதை நம்பும். கடவுச்சொல் கேட்கப்படாது. 'நான் இன்னார்' என்று சொன்னால் போதும். தன் சொந்தக் கணினியில் நிர்வாகியின் பெயரைக் கொண்ட ஒரு பயனரை யார் வேண்டுமானாலும் படைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்பு வேண்டுவோர் தாமே நிரல் எழுதித் தடத்தின் இரு முனையிலும் செருகிக்கொள்ள 'எக்ஸிட்' என்ற வாயில் விடப்பட்டிருந்தது, எழுதியவர்கள் எழுதினர். 2002இல் 5.3 பதிப்பு எஸ்.எஸ்.எல். மறையாக்கத்தைச் சேர்த்தது. அதுவும் கேட்டால் கிடைக்கும், கேளாமல் கிடைக்காது.

இதை அலட்சியம் என்று ஒதுக்குவது வரலாற்று மாணவருக்கு அழகன்று. மேசைக்கணினிக்கு முன்பு அதே மேசையில் இருந்தது பெருங்கணினியின் முனையம். முனையத்திற்குத் தனி அறிவு கிடையாது; அது எந்தக் கம்பியில், எந்த அறையில் இருக்கிறது என்பதை மையம் அறியும். கட்டடத்தின் வாயிற்காவலர் யாரை உள்ளே விட்டாரோ அவரே பயனர். வலையமைப்பில் இருப்பதே அடையாளம். வாங்கிக் கணினி அந்த முனையத்தின் இடத்தில் வந்து அமர்ந்தபோது, முனையத்திற்குரிய நம்பிக்கையும் அதற்குப் பாரம்பரியச் சொத்தாகக் கிடைத்தது. ஆனால் இந்த வாரிசு தன்னைப் பற்றிப் பொய் சொல்லும் ஆற்றல் பெற்றது. பொய் சொல்ல இயலாத ஒன்றுக்காக வகுக்கப்பட்ட நம்பிக்கை, பொய் சொல்ல இயலும் ஒன்றின் கைக்குப் போனது.

2007இல் லாஸ் வேகாஸில் நடைபெற்ற டெஃப்கான் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் மார்ட்டின் ரக்ஸ் இம்மென்பொருளின் பலவீனங்களை வெளிப்படையாக விளக்கினார். 2011இல் வந்த 7.1 பதிப்பில்தான் இயல்பு நிலை தலைகீழானது. தட அங்கீகாரப் பதிவுகள் என்ற ஏற்பாட்டின்கீழ், புதிதாக உருவாக்கப்படும் வரிசை மேலாளர் எதுவாயினும், நிர்வாக உரிமை கொண்ட பெயரில் வரும் வாங்கியைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். 2014இல் 8.0 பதிப்பு, பயனர் பெயரோடு கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் முறையை மென்பொருளுக்குள்ளேயே கொண்டுவந்தது. அன்றிலிருந்து எம்.கியூ. பயிலத் தொடங்கும் எவரும் முதலில் சந்திக்கும் எண் 2035: 'அதிகாரம் இல்லை.' பலர் அதை எரிச்சலோடு கடந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த தயக்கம் இருக்கிறது.

மாற்றம் புதியவற்றுக்கு மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து உயர்த்தப்பட்ட வரிசை மேலாளர்களில் இந்தப் பாதுகாப்பு அணைத்துவைக்கப்பட்ட நிலையிலேயே விடப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடக் கூடாது என்பது காரணம். நியாயமான காரணந்தான். அதன் விளைவாக, ஒரே பதிப்பு எண்ணைத் தாங்கிய இரு வரிசை மேலாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் வெவ்வேறு யுகங்களின் நம்பிக்கையைக் கடைப்பிடிக்கலாம். பதிப்பு எண்ணை வைத்து ஓர் அமைப்பின் காலத்தைக் கணிக்கும் ஆய்வாளர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

நினைவற்ற வாங்கி என்ற சிக்கலுக்கு வேறொரு விடையும் இதே காலத்தில் உருவானது. 1999இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக எம்.கியூ.டி.டி. நெறிமுறையை வகுத்தனர். அங்கு இணைப்பு முறிவது விதிவிலக்கன்று, அன்றாட நிகழ்வு. அதனால் அந்நெறிமுறையில் வாங்கியே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் இட்டு நினைவில் வைத்துக்கொள்ள முடியும். மிக உயர்ந்த உறுதிநிலையில் நான்கு பொட்டலங்கள் போய்வந்த பின்பே இரு பக்கமும் அந்த எண்ணை மறக்கும். தந்தி நிலையத்தின் தொடரெண் ஒழுக்கம், வரிசை மேலாளர் இல்லாத சிறு கருவிக்கும் இவ்வாறு சென்று சேர்ந்தது. ஒரே நிறுவனத்தின் நிழலில், ஒரே எழுத்துகளில் தொடங்கும் பெயரோடு வளர்ந்த இரு வாங்கிகளில் ஒன்று அழைப்பின் பரம்பரை, மற்றொன்று செய்தியின் பரம்பரை. இரண்டையும் 'எம்.கியூ. குடும்பம்' என்று ஒரே தலைப்பில் அடக்கும் நூல்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்குச் சான்றுகளைப் பற்றி ஒரு செய்தி. வாங்கி எங்குச் செல்ல வேண்டும் என்ற விவரத்தை இரண்டு வழிகளில் தரலாம். எளிய வழி, எம்.கியூ.சர்வர் என்ற சூழல் மாறியில் தடத்தின் பெயர், போக்குவரத்து முறை, முகவரி மூன்றையும் ஒரே வரியில் எழுதுவது. இவை பழைய தொடக்க உரைகளில் இன்றும் எழுத்தாகக் கிடைக்கும். அந்த ஒரு வரியிலிருந்து ஓர் அலுவலகத்தின் கணினி அமைப்பை ஓரளவு மீட்டெடுக்க முடியும். மற்றொரு வழி, வாங்கித் தட வரையறை அட்டவணை என்ற கோப்பு. வழங்கிப் பக்கத்தில் உருவாக்கப்பட்டு, வாங்கிக் கணினிகளுக்கு நகலெடுத்துச் செல்லப்பட்டது. அது இருமக் கோப்பு. வெறுங்கண்ணால் படிக்க இயலாது. 2019இல் 9.1.2 பதிப்பிலிருந்துதான் அதே அட்டவணையை ஜேசன் வடிவில், மனிதர் படிக்கும் எழுத்தாகவும் எழுதிவைக்க முடிந்தது. அதற்கு முற்பட்ட காலத்துக்கு நம்மிடம் எஞ்சுபவை பெரும்பாலும் கையேடுகளும் அவற்றில் அச்சான இயல்பு மதிப்புகளுமே. ஒரு பதிப்பின் கையேட்டை அடுத்த பதிப்பின் கையேட்டோடு வரிக்குவரி ஒப்பிட்டு, மாறிய இயல்பு மதிப்புகளைத் தனியே பட்டியலிடுவதிலிருந்து தொடங்கலாம். வழங்கி-இணைப்புத் தடத்திற்கு மட்டும் இதைச் செய்தாலே ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குரிய பொருள் கிடைக்கும்.